ஓலையில் மடித்து எடுத்த உடம்பு

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கும் சுவாமிமலையில் வெண்கலச் சிலை வேலை தென்னங்கீற்றில் தொடங்குகிறது. செய்யப்போகும் சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஒரு கீற்றை நறுக்கி, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, மெல்லிய நாடாவாக வகிர்ந்துகொள்கிறார் ஸ்தபதி. பிறகு அதைக் கணக்காக மடித்து மடித்து நகத்தால் கீறுகிறார். இதற்கு ஒடியோலை என்று பெயர். ஓலையில் விழுந்த மடிப்புகள்தான் முகம் எங்கே முடிகிறது, மார்பு எங்கே, தொப்புள் எங்கே, முழங்கால் எங்கே என்று சொல்லும். வேலை முடியும்வரை அந்த ஓலை, முதலில் மெழுகில் செய்யும் உருவத்தின் பக்கத்திலேயே கிடக்கும். சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

உடம்பு, மதம், அடையாளம், மாறும் நகரம் இவற்றைக் கையாளும் கலைஞர் என்றதும் இன்று நமக்குக் கேலரியில் கண்காட்சி வைக்கும் ஓவியர் நினைவுக்கு வருகிறார். டெல்டாவில் அந்த நான்கையும் ஒரே வேலையில் சுமப்பவர் வார்ப்புப் பட்டறை ஸ்தபதி. ஒரு வெண்கல உடம்பு எதனால் ‘இந்த ஊர்ச் சாமி’ ஆகிறது என்ற கேள்விக்கு அவர் வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு பதில் கிடைக்கிறது. முகத்தில் அந்த அடையாளத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். அளவிலும் மண்ணிலும் தேய்மானத்திலும் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிறது.

முதலில் அளவு. சிற்ப நூல்கள் அங்குலம் என்று சொல்வதை டேப்பில் இருக்கும் இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே குழம்பிப்போகும். அது தேகலப்த அங்குலம். அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கும் ஒரு பங்கு. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உரியது உத்தம தசதாளம், அதாவது உயரத்தை 124 பங்காக்குவது. 31 இஞ்ச் உயரத்தில் ஒரு சிவன் வேண்டும் என்றால் ஒரு பங்கு சரியாகக் கால் இஞ்ச். உச்சிக்கு 4 பங்கு, முகத்துக்கு 13½, கழுத்துக்கு 4. கழுத்திலிருந்து மார்பு நடு, அங்கிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து குறி, மூன்றும் தலா 13½. தொடை 27, முழங்கால் 4, அதற்குக் கீழே கால் 27, பாத உயரம் 4. கூட்டினால் 124 வரும். அப்படியானால் அந்தச் சிவனின் முகம் 3⅜ இஞ்ச். அதில் ஒரு நூலளவு கூடினாலும் கழுத்துக்குக் கீழே எல்லாம் தள்ளிப்போகும். அம்மனுக்கு மத்திம தசதாளம், 120 பங்கு, முகம் 13, தொடை 26. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். தாளம் என்பது முக நீளம் என்பதால், தாளம் குறையக் குறையத் தலை பெரிதாகும். பிள்ளையார் குழந்தை உடம்போடு இருப்பதன் ரகசியம் இந்தக் கணக்குத்தான்.

ஓலை நீளத்தைச் சொல்லும். சதையை எப்படித் திரட்டுவது என்பதற்கு நூல்கள் உவமை கொடுக்கின்றன. கழுத்து சங்கு, மோவாய் மாங்கொட்டை, முழங்கால் நண்டு, தோளிலிருந்து இறங்கும் கை யானைத் துதிக்கை. எலும்பும் நரம்பும் தசைநாரும் இந்த உடம்பில் கிடையாது. உள்ளே மூச்சு நிரம்பி நிற்பதுபோல் தோல் இழுபட்டு வழவழவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். யானையை விட்டுவிட்டால் மற்ற உவமைப் பொருள்கள் எல்லாம் வயல் வரப்பையும் கடற்கரையையும் சுற்றியே கிடைப்பவை என்பதையும் கவனிக்கலாம்.

உயரத்தை முடிவு செய்வதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. கோயிலுக்குப் போகும் சிலையின் உயரம் அந்த ஊருக்கோ, செய்துவைப்பவருக்கோ பொருந்த வேண்டும். இதுதான் ஆயாதிப் பொருத்தம். நூலுக்கு நூல் வாய்பாடு கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படும் ஒன்றைப் பார்ப்போம். இங்கே எடுத்துக்கொள்வது மாறாத அளவான மானாங்குலம். உயரத்தை 8-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மீதி வருவது ஆயம், அதாவது வரவு. 9-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் மீதி வியயம், செலவு. வரவு செலவைவிட மிகுந்திருக்க வேண்டும். 32 அங்குலத்தில் ஒரு சிலை என்றால் வரவு 4, செலவு 8. ஆகாது. 34 அங்குலம் என்றால் வரவு 8, செலவு 6. எடுத்துக்கொள்ளலாம். அதே 34-ஐ 8-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்தால் மீதி 2; இரண்டாவது நட்சத்திரம் பரணி. ஊரின் நட்சத்திரத்துக்குப் பரணி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அரை அங்குலம், கால் அங்குலம் என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். ஆக, ஊர்ப்பெயர் பீடத்தில் எழுத்தாகப் பொறிக்கப்படுவதற்கு எவ்வளவோ முன்பே உடம்பின் உயரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கடையில் வரிசையாக நிற்கும் ‘ஓரடி நடராஜர், ஒன்றரை அடி நடராஜர்’ எந்த ஊருக்கும் சொந்தமில்லாததற்கு இதுவே முதல் காரணம். அந்த உயரங்கள் அலமாரித் தட்டுக்குப் பொருந்தியவை.

மெழுகும் மண்ணும்

மெழுகில் உருவம் செய்து, அதை மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் இந்த முறை. தேன்மெழுகும் பொடித்த குங்கிலியமும் ஏறக்குறைய சம பங்கு, கடலை எண்ணெய் அதில் கால் பங்கு. இதைக் காய்ச்சி வடிகட்டி, தண்ணீரில் ஊற்றி இறுக்கி, கையால் பிசைந்து உருவாக்குவதுதான் வழக்கமான கலவை. மெழுகு வளையும், குங்கிலியம் விறைப்புக் கொடுக்கும், எண்ணெய் இரண்டையும் இணக்கும். சித்திரை வைகாசி வெயிலில் இதே அளவு வைத்தால் மெழுகு உருவத்தின் கை தொய்ந்து போகும்; குங்கிலியத்தைக் கூட்ட வேண்டும். மார்கழியில் விரல் நுனி உடையும். எண்ணெயைக் கூட்ட வேண்டும். இன்று தேன்மெழுகின் விலையைப் பார்த்துப் பாரஃபின் மெழுகைக் கலப்பது சாதாரணம். நயமாகச் செய்தால் குற்றமில்லை. ஆனால் பாரஃபின் சீக்கிரம் நொறுங்கும். மெல்லிய பூணூல், சடையில் ஒரு இழை போன்றவற்றை அதில் இழுத்து ஒட்டுவது கடினம். அப்படி விட்டுப்போன நுணுக்கத்தைப் பிறகு உளியால் வெட்டி எடுக்க வேண்டி வருகிறது.

இது சின்ன விஷயமில்லை. சோழர் காலச் சிலைகளில் பெரும்பாலான நுணுக்கம் மெழுகிலேயே முடிந்துவிட்டது. உலோகத்தில் உளி பட்டது குறைவு. இன்றைய சிலையில் உளி வேலைதான் மிகுதி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மெழுகில் பிறந்த கோடு விரல் அழுத்தத்தில் குழைந்து ஓரம் உருண்டு கிடக்கும். உளியில் பிறந்த கோடு கூர்மையாக, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக நிற்கும். இன்றைய கூர்மையை ‘பழையதைவிட நேர்த்தி’ என்று சிலர் மெச்சுகிறார்கள். நகை வேலைக்கு அது நேர்த்திதான். உடம்புக்கு மெழுகின் குழைவே நல்லது என்பது எங்கள் கருத்து.

மெழுகு உருவம் ஆனதும் முதுகுப்பக்கத்தில் மெழுகுக் குச்சிகளை ஒட்டுவார்கள். மெழுகு வெளியே ஓடவும், உலோகம் உள்ளே போகவும், காற்று தப்பிக்கவும் அவைதான் வழி. முன்பக்கத்தில் ஒட்டினால் வெட்டிய தழும்பு மார்பில் நிற்கும்.

பிறகு மண். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல். சலித்து, கருக்கிய உமியை மைபோல் அரைத்துச் சேர்த்து, பசுஞ்சாணத்தில் குழைத்துப் பூசுகிறார்கள். இது மெல்லிய பூச்சுதான். ஆனால் மெழுகில் இருக்கும் கைரேகை வரை பதிவாக்குவது இதுதான். சுவாமிமலையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு இந்த வண்டலைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்காரர்களும் காவிரி மண்ணைத்தான் புகழ்வார்கள். இரண்டாவது பூச்சு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது பருமணல் கூடிய மண். பெரிய சிலை என்றால் அதற்குள் இரும்புக் கம்பி கட்டி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் பூசிக் காய்ந்த பிறகே திருப்பிப் போட்டு மறுபக்கம் பூச வேண்டும். காய்வது நிழலில். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி உருவம் சரியும், மண் மேலே வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் புகும் உலோகம் சிலையின் மேல் சுவர்போல் துருத்திக்கொண்டு வரும். ஐப்பசி அடைமழையில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும். அந்த மாதங்களில் வார்ப்பு மந்தமாவது அதனால்தான்.

1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளத்தோடு வரும் வண்டலில் கணிசமான பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. ஆற்றுக்குள்ளே மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்த இடங்களும் உண்டு. மண்ணே இல்லை என்று சொல்ல முடியாது; ஒரு பட்டறைக்கு வேண்டியது சில மூட்டைதான். ஆனால் முன்பு கரையில் இறங்கி ஆடைபோல் படிந்ததை வழித்து எடுத்த இடத்தில், இப்போது தேடித் தேர்ந்து சலிக்க வேண்டியிருக்கிறது. மணல் கலந்த வண்டலைப் பூசினால் சிலையின் கன்னம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் வரும்.

நெருப்பு

மெழுகு உருவத்தைக் குச்சிகளோடு சேர்த்து எடைபோட்டு வைத்திருப்பார்கள். மெழுகைப்போல எட்டு மடங்கு உலோகம் என்பது பழைய கணக்கு. அச்சின் ஊற்றுவாயில் தங்குவதும் உருக்கில் கழிவதும் சேர்த்துப் பத்து மடங்கு வரை எடுத்துவைப்பது பாதுகாப்பு. மெழுகுக் கலவை தண்ணீரின் கனத்தை ஒட்டி இருக்கிறது, செம்புக் கலவை அதைப்போல எட்டே முக்கால் மடங்கு கனம் என்பதால் இந்தக் கணக்கு பொய்க்காது. 1 கிலோ 800 கிராம் மெழுகு இருந்தால் 18 கிலோ உலோகம். சுவாமிமலையில் பரவலாக உள்ள கலவை நூற்றுக்குச் செம்பு 82, பித்தளை 15, ஈயம் 3. அதாவது 18 கிலோவுக்குச் செம்பு 14 கிலோ 760 கிராம், பித்தளை 2 கிலோ 700 கிராம், ஈயம் 540 கிராம். ஐம்பொன் என்பதற்காகச் செய்துவைப்பவர் கொடுக்கும் பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்கு. சோழர் சிலைகளின் உலோகம் இதுவல்ல. அவை வெள்ளீயமும் ஈயமும் கலந்த செம்பு. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் இன்றைய சிலைக்கு மஞ்சள் பளபளப்பைக் கொடுக்கிறது. பழைய சிலையின் தோல் கறுத்துச் சிவந்து கிடப்பதற்கு வயது மட்டும் காரணம் இல்லை.

உலோகத்தை உருக்கும் கலமான மூசையில் முதலில் செம்பு. அது உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதனால் பித்தளையைக் கடைசியில் போட வேண்டும். முதலிலேயே போட்டால் வெள்ளைப் புகையாகப் பறந்துவிடும், அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி காய்ச்சலும் வரும். ஈயம் ஓட்டத்தைக் கூட்டும், ஆனால் செம்பில் கரையாது. ஊற்றுமுன் நன்றாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கி, முதலில் நிரம்பும் பகுதியில் ஈயம் குறைந்தும் கடைசிப் பகுதியில் மிகுந்தும் போகும்.

இதே நேரத்தில் மண் அச்சு வறட்டி நெருப்பில் கிடக்கும். மெழுகு உருகி வழிந்த பிறகும் சூடு தொடர வேண்டும், அச்சு உள்ளுக்குள் செந்தணலாகும்வரை. பிறகு வாய் மேலே தெரியும்படி குழியில் இறக்கிச் சுற்றிலும் மண் தட்டி இறுக்கி, ஒரே ஓட்டமாக ஊற்றுவார்கள். தவறு நடப்பதெல்லாம் இந்தச் சில நிமிஷங்களில்தான். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி வெடித்து உலோகம் ஆள்மேல் தெறிக்கும். மெழுகு முழுதும் எரியாவிட்டால் கரி படிந்து முகத்தில் குழி விழும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனிக்கும் சடை நுனிக்கும் உலோகம் போய்ச்சேராது, மொண்ணையாக நின்றுவிடும். ஊற்றுவது நடுவில் தடைபட்டால் அந்த மட்டத்தில் உடம்பைச் சுற்றி ஒரு கோடு நிற்கும். பிறகு என்ன தேய்த்தாலும் அது போகாது. உலோகத்தை மிதமிஞ்சிக் காய்ச்சினால் வாயுவை உறிஞ்சிக்கொண்டு ஆறும்போது கொப்புளமாக விடும். சின்னத் துளை என்றால் அதே உலோகத்தால் அடைக்கலாம். கை இல்லாமல் வந்த சாமியை ஒட்டவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கமில்லை, மறுபடி மூசைதான். கோனேரிராஜபுரத்து நடராஜரைப் பற்றிய ஊர்க்கதை இந்தப் பயத்திலிருந்தே பிறந்திருக்கிறது: வார்ப்பு திரும்பத் திரும்பத் தவற, மனம் நொந்திருந்த ஸ்தபதியிடம் வயதான தம்பதி வந்து தண்ணீர் கேட்க, அவர் எரிச்சலில் உலைக் குழம்பைக் காட்ட, கிழவர் அதைக் குடித்து நடராஜராக நின்றுவிட்டாராம். வார்ப்புக் குறை எல்லாப் பட்டறைக்கும் தெரியும். குறையே இல்லாத ஒன்று வந்தால் அதற்கு இப்படி ஒரு காரணம் தேவைப்படுகிறது.

ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 31 இஞ்ச் சிவனுக்கு அது கிட்டத்தட்ட அரை இஞ்ச். ஆயாதி பார்த்து வைத்த உயரம் கெடாமல் இருக்க மெழுகிலேயே அதைக் கூட்டி வைத்திருக்க வேண்டும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால், ஓர் அச்சுக்கு ஓர் உடம்பு. இதைத்தான் ‘ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் இப்போது ரப்பர் அச்சிலும் பிளாஸ்டர் அச்சிலும் மெழுகையே நகலெடுக்க முடிகிறது. மண் அச்சு உடைந்தாலும் மெழுகு இரட்டைப்பிள்ளையாகப் பிறக்கிறது. 2008 வாக்கில் சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரையும் முறையையும் காக்கும். ஓலை மடித்தார்களா என்று அது கேட்பதில்லை.

கன வார்ப்பா, உள்ளே வெற்றிடமான கூடு வார்ப்பா என்பதைத் தூக்கிப் பார்த்தே சொல்லலாம். சுவாமிமலையில் கோயில் சிலை உள்ளே கெட்டி. ஹோட்டல் வரவேற்பறைக்குப் பெரிதாகவும் வேண்டும், தரை தாங்கவும் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கூடாக வார்ப்பவர்களும் உண்டு.

தேயும் முகம், மறையும் உடம்பு

இத்தனை பங்கு பிரித்துச் செய்த உடம்பைக் கோயிலில் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் விசித்திரம். உற்சவருக்குப் பட்டு, மாலை, நகை, கவசம். வெளியே தெரிவது முகமும் கை நுனியும் பாதமும். அபிஷேக நேரத்தில் சில நிமிஷம் முழு உடம்பும் தெரியும். அப்போதும் பாலும் சந்தனமும் மறைக்கும். பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் கம்பு கோத்து வாகனத்தில் கட்டுவதற்கு. நடப்பதற்காகச் செய்யப்பட்ட உடம்பு அது.

நாள்தோறும் தேன், தயிர், பழம், புளி, தேய்ப்பு. நூற்றாண்டுகளில் மூக்கு மழுங்கி, உதடு கரைந்து, கண் தட்டையாகிறது. சில சிலைகளுக்குப் பிற்காலத்தில் கண்ணை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். கூர்மை குலையாமல் நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்து வழிபாட்டிலிருந்து தப்பியவை. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (1011) அப்படி. பாம்பு சுற்றிய தலைப்பாகை, சாய்ந்து நிற்கும் இடுப்பு, காளையின்மேல் ஊன்றியிருக்க வேண்டிய கை. காளை இல்லை, அதனாலேயே அந்தச் சாய்வு இன்னும் நன்றாகத் தெரிகிறது. பட்டுத்துணி இல்லாத சோழ உடம்பை உலகம் வியந்து பார்ப்பது கலைக்கூடத்தில் மட்டும் நடப்பது. அந்த ஊரில் கும்பிட்டவர்கள் அப்படி ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். வலப்பக்கம் ஆணுக்கு இரண்டு கை, இடப்பக்கம் பெண்ணுக்கு ஒரு கை. உடை வலத்தொடையில் நின்றுவிட்டு இடப்பக்கம் கணுக்கால்வரை இறங்குகிறது. ஆண் பெண் இரண்டையும் நடுக்கோட்டில் ஒட்டியதுபோல் அது தெரியாது. எடை ஒரு காலில் நின்று, இடுப்பு ஒரு பக்கம் போய், கோடே காணாமல் போகிறது. பாலின அடையாளம் பற்றி இன்று நடக்கும் பேச்சுக்கு இந்தச் சிலையை இழுப்பவர்கள் அதன் மூன்று கைகளை முதலில் எண்ணிப் பார்க்கலாம். சமத்துவம் என்றால் நான்கு இருந்திருக்கும். ஸ்தபதி சமம் தேடவில்லை, சமநிலை தேடியிருக்கிறார்.

டெல்டாவின் வெண்கலம் சைவ வைணவத்துக்கு மட்டுமானதும் இல்லை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த புத்தர் வெண்கலங்கள் முந்நூற்றைம்பது வரை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. புத்தரின் உச்சியில் சுடர் ஒன்று எழும். அதை மறைத்துக்கொண்டு தோளையும் கையையும் பார்த்தால் இந்த மண்ணின் வார்ப்பு என்று புரியும்.

எது அசல், எது ஊர்

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951-இல் நடராஜர் உள்ளிட்ட சிலைகள் கிடைத்தன. 1954-இல் பழுதுபார்க்கப் போன இடத்தில் பிரதி ஒன்று செய்யப்பட்டு, கோயிலுக்குத் திரும்பியது பிரதி. ஊர் அதைக் கும்பிட்டது. 1965-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட், அசல் வேறு கையில் இருக்கிறது என்று எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது, வழக்கு, சமரசம், 1986-இல் திரும்பியது என்று அது நீண்டது. பிரதியைக் கண்டுபிடிக்க முகம் உதவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அலங்காரம் செய்த முகம்தானே. பிரதியெடுத்தவரும் அளவு தெரிந்த கைக்காரர்தான்.

திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜர் 1976-இல் மண்ணிலிருந்து வெளியே வந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில் அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு உலோகம், பாணி, ஒட்டியிருந்த மண், கரையான் தடம் வரை ஒப்பிட்டார்கள். கோயில் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று ஏற்கப்பட்டது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் சிலை திரும்பியது. ஸ்தபதி பூசிய வண்டல் உடைந்து போனது. ஊர் மண் ஒட்டிக்கொண்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு 2014-இல் திரும்பினார். இத்தகைய சிலைகளை அடையாளம் காட்டுவதில் 1956 முதல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் உதவி பெரிது. படத்தில் பார்ப்பது வார்ப்புக் குறைகளைத்தான்: சிலையைச் சுற்றிய வளைவான திருவாசியில் உடைந்த சுடர், பீடத்தில் அடைத்த துளை, மழுங்கிய விரல். பட்டறையில் மறைக்க முயன்ற தழும்பே பின்னாளில் சாட்சி சொல்கிறது.

திரும்பி வந்தாலும் பல சிலைகள் ஊருக்குள் போவதில்லை. பூட்டு நிற்காத, ஒரு வேளைப் பூஜைக்கும் ஆள் இல்லாத கோயில்களின் உற்சவர்கள் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வரிசையாக நிற்கிறார்கள். திருவிழாவுக்கு வண்டியில் வந்து, சாமி புறப்பாடு முடிந்ததும் போலீஸ் காவலோடு திரும்புகிறார்கள். தார்மேல் தார் போட்டு உயர்ந்த சாலையும் தாழ்ந்த மின்கம்பியும் சப்பரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. மறுபக்கம், கட்டுமானத்துக்குத் தோண்டும்போது புதிய உடம்புகள் வருகின்றன: 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குக் குழி தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கிடைத்தன.

அதே 2023-இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுத்தப்பட்ட 27 அடி நடராஜர் சுவாமிமலை வேலை. 18 டன், எட்டு உலோகம், மெழுகு வார்ப்பு. சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சை மூன்று நடராஜர்களையும் பார்த்து வடிவமைத்தது என்றார்கள். தொழில்நுட்பமாக அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. அது எந்த ஊர் நடராஜர் என்று கேட்டால்தான் பதில் சொல்வது கஷ்டம்.

வேலையின் கடைசிப் படி கண். கோயிலுக்குப் போகும் சிலைக்குப் பட்டறையில் கண்ணை முழுதும் முடிக்காமல் வைத்திருப்பார்கள். அரம், உளி, உப்புத்தாள், புளி, பூந்திக்கொட்டை எல்லாம் முடிந்து, சிலை ஊர் போய்ச் சேர்ந்து, கும்பாபிஷேகத்துக்கு முன் திரை கட்டி, பொன்னூசியால் கருவிழிக் கோட்டைத் தொட்டு வரைவார் ஸ்தபதி. திறந்த கண் முதலில் பார்க்க வேண்டியவை என்று ஒரு வரிசை உண்டு: கண்ணாடி, கன்றோடு பசு, நெல், கன்னிப்பெண்கள். ஷோகேஸுக்குப் போகும் சிலைக்குக் கண்ணும் மற்ற வேலையோடு சேர்ந்தே முடிந்துவிடும், டியூப்லைட் வெளிச்சத்தில். அது முதலில் பார்ப்பது பாலிஷ் போடுகிறவரை.